காய்ந்தால் தெரியும்

வெயில் உச்சியில் நிற்கும்போதா
வண்டிக்கு மெழுகு போடுவார்கள்?
தேசிங்கு போட்டிருக்கிறான்.
எர்ணாவூர் பாலத்துக்குக் கீழே,
கண்டெய்னர் லாரிகள் மண்ணை வாரி இறைக்கிற
பன்னிரண்டு மணிக்கு,
பன்னுக்கு ஜாம் தடவுகிற தாராளத்தோடு.
"கண்ணாடி மாரி ஆக்கிக்கிறேன் பாரு அண்ணி."
ஆக்கித்தான் இருந்தான்.
கதவில் என் முகம் தெரிந்தது,
எதிர்வீட்டுக் கொடியில் தொங்கும்
லுங்கியின் கட்டம்கூட.

ஆனால் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்,
பக்கக் கண்ணாடியின் அடிக்கால்,
கதவின் குறுக்கே ஓடும் பட்டை,
சொரசொரப்பு இருக்கிற இடமெல்லாம்
வெள்ளை வெள்ளையாக,
வியர்த்த கழுத்தில்
திட்டுத்திட்டாய் நின்றுபோன பவுடர்.

நாளை ஒன்பது மணிக்கு
மணலியில் வண்டி பார்க்கிறார்கள்.
கம்பெனிப் பெண்களை
ராத்திரியில் வீடு சேர்க்கிற ஒப்பந்தம்.
மாதம் இருபத்தெட்டாயிரம், டீசல் தனி.
"தோற்றமும் பார்ப்போம்" என்று போனில் சொன்னவர்
வண்டியைத்தான் சொன்னாரா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஈரத்துணியால் துடைத்தேன்.
போய்விட்டது.
டீ குடித்துவிட்டு வந்தேன்.
திரும்பி வந்திருந்தது,
அதே இடத்தில், அதே வடிவத்தில்,
எங்கேயும் போனதாகவே காட்டிக்கொள்ளாமல்.
ஈரம் இருக்கும்வரை எல்லாம் கறுப்பு.

தேங்காய் எண்ணெய் வை என்றாள்
மாடிவீட்டு ரெஜினா.
வைத்தேன். மினுங்கியது.
ரெண்டு மணி நேரத்தில்
எண்ணூர்ச் சாம்பல் மொத்தமும்
அதில் வந்து உட்கார்ந்தது.
இங்கே எண்ணெய் வைத்த எதிலும் அது உட்காரும்,
தலையில், வடைச்சட்டியில், சைக்கிள் செயினில்.
சோப்பு போட்டு எண்ணெயை எடுத்தால்
அடியில் வெள்ளை,
அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி.

பழைய பல் பிரஷ். முடிகள் மடங்கின.
நகம். நகத்துக்குள் மெழுகு.
தேசிங்குக்குப் போன் செய்தால்
"லைட்டாதான அண்ணி கீது" என்கிறான்.

ராத்திரி பத்தரைக்கு
இம்மானுவேலின் ஜாமெட்ரி பாக்ஸைத்
சத்தம் வராமல் திறந்தேன்.
ரோஸ் நிற ரப்பர். ஸ்ட்ராபெரி வாசனை.
தப்பாய் எழுதிய எழுத்தை அழிக்கிற மாதிரியே
கொஞ்சம் கொஞ்சமாய், ஒரே பக்கமாய்.
வந்தது.
குழிக்குள் ஒளிந்திருந்ததெல்லாம்
சாம்பல் நிறப் புழுக்களாய்
உருண்டு உருண்டு என் கால்விரலில் விழுந்தது.

முடிக்கும்போது மணி பன்னிரண்டே கால்.
ரப்பர் புளியங்கொட்டை அளவு.
கையெல்லாம் ஸ்ட்ராபெரி.
மணலி ஆலைப் புகைபோக்கியின் தீ
என் கதவில் விரல் நீளத்துக்கு
எரிந்துகொண்டிருந்தது.
சும்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.

பார்க்க வந்தவர்
டயர் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினார்.
இன்சூரன்ஸ் தேதி கேட்டார்.
சீட்டுக்கடியில் குனிந்து
தீயணைப்பு சிலிண்டரைத் தொட்டார்.
பம்பர் பக்கம் போகவே இல்லை.
"லேடீஸா ஓட்றது?" ரெண்டு தடவை கேட்டார்.
ரெண்டு தடவையும் ஆமாம் என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் இம்மானுவேல்
கணக்கு நோட்டை என் மடியில் எறிந்தான்.
ஏழாவது கணக்கில்
விடை இருக்கவேண்டிய இடத்தில்
என் பம்பர்.
கறுப்பாய் ஒரு இழுப்பு, நடுவில் ஓட்டை,
ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின் வகுத்தல்.
ஓரத்தில் சிவப்பு மையில்: சுத்தம் தேவை.

"இன்னாடா இதுன்னு மிஸ் கேட்டாங்க."
நீ என்ன சொன்னே?
"எங்கம்மா கார அழிச்சாங்கன்னேன்.
எல்லாரும் சிரிச்சாங்க."

பத்து ரூபாய் கொடுத்து
ரெண்டு ரப்பர் வாங்கிக்கோ என்றேன்.
டப்பாவில் இன்னும் பாதி மெழுகு இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை தேசிங்குக்கு லீவு.